விளையாட்டுத் துப்பாக்கியும் மலைநாட்டு இளைஞனும்

நாட்டில் ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, விளையாட்டுத் துப்பாக்கியைப் பற்றி ஓர் அரசியல் வார ஏட்டில் எழுதுவானேன் என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். சம்பளப் பிரச்சினை இருக்கிறது. லயப் பிரச்சினை இருக்கிறது. காணிப் பிரச்சினை இருக்கிறது. இவற்றை விடுத்து விளையாட்டைப் பற்றிப் பேசுவது தகுமா என்பது நியாயமான கேள்வியே. ஆனால் ஒரு சமுதாயத்தை ஆட்சியாளர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர் அதன் உழைப்பை மாத்திரம் பார்த்தாற் போதாது; அதன் ஓய்வையும் பார்த்தல் வேண்டும். உழைக்கும்போது எல்லோரும் வேண்டப்பட்டவர்களே. ஓய்ந்திருந்து விளையாடும்போதுதான் எவன் நம்பப்படுகிறான், எவன் சந்தேகிக்கப்படுகிறான் என்பது வெளியாகும்.

ஹற்றனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் உள்ள நமது இளைஞர்கள் உலகின் விளையாட்டுகள் அனைத்தையும் இன்று கைபேசித் திரையிற் காண்கின்றனர். அவற்றுள் ஒன்று எயார்சொப்ட் எனப்படும் விளையாட்டுத் துப்பாக்கிப் போட்டி. வார இறுதியில் காட்டுப்புறத்தில் இரு அணிகளாகப் பிரிந்து, போர்வீரர் போல் உடுத்து, பிளாஸ்டிக் குண்டுகளால் ஒருவரை ஒருவர் சுட்டு ஆடுவது. "ஐயா, இதை நாங்களும் ஆடினால் சட்டம் என்ன சொல்லும்?" என்று தோட்டத்து இளைஞர் சிலர் என்னிடம் வினவியதுண்டு. சட்டத்தரணி என்ற முறையில் அவர்களுக்கு ஒரு விடை உண்டு. அரசியற் பணியாளன் என்ற முறையில் அதனினும் நீண்ட விடை ஒன்று உண்டு. இரண்டையும் இங்கே எழுதுகின்றேன்.

நம்பிக்கையின் மேல் நிற்கும் ஆட்டம்

எயார்சொப்ட் ஜப்பானிற் பிறந்த விளையாட்டு. உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டுச் சட்டம் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதை ஏறக்குறைய முற்றாகவே தடுத்தது. துப்பாக்கியின் மீதிருந்த ஆசை போகவில்லை. எனவே உண்மைத் துப்பாக்கியின் உருவத்தைக் கொண்டு, 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டுகளை மட்டும் எறியும் கருவிகளை அந்நாட்டுக் கைவினைஞர் 1970களிலும் 1980களிலும் செய்து விற்றனர். 1991இல் தோக்கியோ மருயி என்னும் நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் துப்பாக்கியை வெளியிட்டது. அதன் பின்னர் இவ்விளையாட்டு கண்டங்களைக் கடந்தது.

கருவியின் உள்ளமைப்பு எளியதே. மின்கலம் ஒரு சிறு மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. பற்சக்கரம் பிஸ்டனைப் பின்னோக்கி இழுத்துச் சுருள்வில்லை அமுக்கி, பின்னர் விட்டுவிடுகிறது. வில் விடுபட்ட வேகத்தில் பிஸ்டன் காற்றைத் தள்ள, காற்று குண்டைத் தள்ளுகிறது. குழலின் தொடக்கத்தில் ஒரு சிறு இறப்பர் மேடு உண்டு. அது குண்டின் தலையை உரசிப் பின்புறமாகச் சுழலச் செய்கிறது. அச்சுழற்சியினால் குண்டு விரைவிற் கீழே விழாமல் நெடுந்தூரம் நேராகப் போகிறது. இந்த ஆட்டத்தில் ஈடுபட்டோர் சனிக்கிழமை இரவெல்லாம் செய்வது இவ்வுறுப்புகளைக் கழற்றித் துடைத்து, பசை பூசி, பல்லோடு பல் பொருத்தி, இறப்பரைத் திருத்தி, மின்கலத்தை நிரப்பி, குண்டின் வேகத்தை அளந்து பார்ப்பதேயாகும். பலருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தினும் சனிக்கிழமை இரவின் இவ்வேலையே பெரிய இன்பம். தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரத்தைத் தன் காதால் கேட்டே அதன் நோயைக் கண்டுபிடிக்கும் நமது பாஸ்மாருக்கு இந்த இன்பத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வாட்டத்தின் ஒரு விதி என் மனத்தைக் கவர்ந்தது. சாயக்குண்டு ஆட்டத்திற் குண்டு பட்ட இடத்திற் கறை தெரியும். எயார்சொப்டில் அவ்வாறு எந்த அடையாளமும் இல்லை. குண்டு பட்டவன் தானாகவே கையை உயர்த்தி, பட்டேன் என்று சொல்லி வெளியேற வேண்டும். நடுவன் ஒருவன் இருந்தாலும் காட்டுக்குள் எல்லாவற்றையும் அவன் காண இயலாது. ஆடுபவனின் வாக்கே சாட்சி. ஆடுபவனின் நேர்மையே தீர்ப்பு. துப்பாக்கி வடிவிலான கருவியைக் கொண்டு ஆடும் ஆட்டம் முழுவதும் இவ்வாறு நம்பிக்கை என்னும் ஒரே தூணின் மேல் நிற்கிறது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

சட்டத்தின் அளவுகோல்

இனிச் சட்டத்துக்கு வருவோம். 0.2 கிராம் எடையுள்ள குண்டு செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் பாய்ந்தால் அதன் சக்தி ஒரு யூல். தோலிற் பட்டால் சுரீரென்று வலிக்கும். கண்ணிற் பட்டால் கண் போகலாம். ஆகவே கண்காப்பு அணியாதவனை எந்த ஒழுங்கான மைதானமும் உள்ளே விடுவதில்லை. ஆனால் உள்ளிருக்கும் சுருள்வில்லை எடுத்துவிட்டு அதனினும் வலிய வில்லைப் பொருத்தினால், வெளியுருவம் மாறாமலே, விளையாட்டுப் பொருள் காயப்படுத்தும் கருவியாகிவிடும். ஜப்பானில் அவ்வாறு வலுவேற்றிய துப்பாக்கிகளால் குற்றங்கள் நிகழ்ந்த பின்னரே 2006இல் சட்டம் திருத்தப்பட்டு, 6 மில்லிமீற்றர் குண்டுக்கு 0.98 யூல் என்ற எல்லை விதிக்கப்பட்டது. பிரித்தானியா அதே 2006இல் உண்மைத் துப்பாக்கியை ஒத்த போலிகளின் விற்பனையைத் தடைசெய்தது. ஆனால் காப்புறுதி பெற்று முறைப்படி நடாத்தப்படும் ஆட்டங்களுக்கு விலக்களித்தது. 2017இல் தொடர்ந்து சுடும் கருவிக்கு 1.3 யூல், ஒவ்வொன்றாய்ச் சுடும் கருவிக்கு 2.5 யூல் என்று எல்லையும் வகுத்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் கடுமையாகத் தடுக்கின்றன. இடங்கொடுத்த நாடும் தடுத்த நாடும் ஒரு காரியத்தைச் செய்தன. எது கூடும், எது கூடாது என்பதைக் குடிமகனுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டன.

நமது நாட்டில் துப்பாக்கிகளை ஆளும் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எயார்சொப்ட் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. அச்சட்டத்தின் வரைவிலக்கணத்தில் ஒரு சுவையான பகுதி உண்டு. குழலுடைய கருவி துப்பாக்கியா அல்லவா என்பதை அறிய, வைக்கோலட்டைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றை ஊடுருவும் வலுவைக் கொண்டு அளக்கும் முறை அதில் சொல்லப்பட்டிருக்கிறது. படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆயினும் அதனுள்ளே ஓர் உயர்ந்த நியாயம் இருக்கிறது. அட்டைக்கு மொழி தெரியாது. அட்டைக்குச் சாதி தெரியாது. விசையை இழுத்தவன் துரையா தொழிலாளியா என்று அட்டை கேட்பதில்லை. குண்டின் வலு ஒன்றே அதன் கேள்வி. சட்டம் என்பது அவ்வாறுதான் இருத்தல் வேண்டும்.

ஆகவே இளைஞர்களுக்கு என் முதல் விடை: காற்றினால் இயங்குவது, பிளாஸ்டிக் குண்டு எறிவது என்பதற்காக எல்லாம் விளையாட்டுப் பொருளாகிவிடாது. வலு எல்லையைக் கடந்தால் அனுமதிப்பத்திரம் வேண்டும். வில்லை மாற்றுகிறவன் தன் நிலையையும் மாற்றிக்கொள்கிறான். இதை அறியாமற் செய்தேன் என்பது நீதிமன்றத்தில் எடுபடும் வாதமன்று.

ஆனால் சட்டப் புத்தகத்திலுள்ள அட்டை வேறு. வீதித் தடையில் நிற்கும் அதிகாரியின் மனம் வேறு. நீண்ட விடை இங்கேதான் தொடங்குகிறது.

மலையில் துப்பாக்கி விளையாடியவர்கள்

நுவரெலியா மலைகளில் துப்பாக்கி விளையாட்டு புதியதன்று. ஏறக்குறைய இரு நூற்றாண்டுப் பழமை உடையது. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பண்ணை அமைத்து வாழ்ந்தவர். வேட்டைக்கென்றே தனித் துப்பாக்கியைப் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்னும் கைவினைஞரிடம் செய்வித்தவர். அதன் எடை மட்டும் இருபத்தொரு இறாத்தல். குழலின் நீளம் எவ்வளவு, மருந்து எவ்வளவு, குண்டின் எடை எவ்வளவு என்று அவர் ஆராய்ந்து ஆராய்ந்து எழுதியவை நூலாகவே வெளிவந்தன. இன்றைய இளைஞன் சனிக்கிழமை இரவு தன் விளையாட்டுத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் ஆசையளவில் வேறுபாடில்லை. ஒருவர் குண்டு யானையின் நெற்றிக்குப் போயிற்று. மற்றவன் குண்டு நண்பனின் சட்டைக்குப் போகிறது. அவ்வளவே.

தேயிலை வந்தபின் விளையாட்டு அமைப்பாயிற்று. 1900ஆம் ஆண்டு, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை நிறுவப்பட்டது. அதில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாருக்கே இடம் இருந்தது. வாரநாளிற் பெரட்டுக்களத்திற் பெயர் கூப்பிட்டு வேலை வாங்கிய துரை, ஓய்வுநாளிற் சீருடை அணிந்து குறி பார்த்துச் சுடப் பயின்றார். தியத்தலாவையிற் பாசறை, சுடுபோட்டிகள், போட்டி முடிந்தபின் கிளப்பில் விருந்து. அவர்களை நான் இகழவில்லை. 1914 ஒக்டோபரில் அவர்களில் ஒரு பிரிவினர் கப்பலேறி எகிப்து சென்று, 1915இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்க்காவலராகப் பணியாற்றினர். பலர் மாண்டனர். வார இறுதி வீரர் உண்மை வீரராகவும் ஆகக்கூடும் என்பதற்கு அது சான்று.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. ஒரு தோட்டத்தில் ஆயிரம் பேர் வாழ்ந்தால், அவர்களுள் ஆயுதம் பழக அரசினால் அழைக்கப்பட்டவர்கள் பங்களாவில் இருந்த ஒருவர் இருவரே. மற்றவர்களிடம் இருந்த ஆயுதம் கவ்வாத்துக் கத்தி ஒன்றுதான். அதுவும் வேலை நேரத்திற் கருவி. வேலைநிறுத்த நாளில் அதே கத்தி பொலிஸ் அறிக்கையில் ஆயுதம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் பழமொழி. எளியவன் கையிலிருக்கும் புல்லையும் ஆயுதமென்று எழுதிக்கொள்வது ஆட்சியின் வழக்கம்.

குழலின் மறுமுனை

ஓய்வுநாட் பயிற்சி ஓய்வுநாளோடு நிற்பதில்லை. 1915இல் சிங்கள, முஸ்லிம் மக்களிடையே கலவரம் மூண்டு இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டபோது, ஐரோப்பியத் தொண்டர் கைகளில் ஆயுதம் கொடுக்கப்பட்டது. அவர்கள் செய்த பல செயல்களுக்குப் பின்னர் சட்டப் பாதுகாப்பும் அளிக்கப்பட்டது. அவ்வநீதியைச் சட்டசபையிலும் இலண்டனிலும் எடுத்துரைத்தவர் தமிழரான சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1916இல் அவர் வெளியிட்ட நூல் அக்காலத்தின் சாட்சியமாக இன்றும் நிற்கிறது. அதே கலவரத்தில் கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாயிருந்த சிங்கள இளைஞர் ஹென்றி பெட்ரிஸ் இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டு, ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது இருபத்தாறு. சீருடை அணிந்திருந்தும் அவர் நம்பப்படவில்லை. துப்பாக்கி ஒன்றே, சீருடையும் அதே அரசினுடையதே, நம்பிக்கை மட்டும் ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை.

தோட்டங்களுக்கு வருவோம். 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் மாண்டார். அச்சம்பவத்தின் அதிர்ச்சி ஆளுநருக்கும் மந்திரிமாருக்கும் இடையே பூசலாகி, மந்திரிமார் பதவி துறக்கும் அளவுக்குச் சென்றது. 1977 மே 11ஆம் திகதி, தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளில் ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற மக்கள் மீது பொலிஸார் சுட்டதிற் சிவனு லெட்சுமணன் உயிர் துறந்தார். இவ்விருவர் கையிலும் துப்பாக்கி இருக்கவில்லை. துப்பாக்கியைப் பற்றி மலைநாட்டுத் தொழிலாளி அறிந்ததெல்லாம் அதன் வாயைத்தான்; அதன் கைப்பிடியை அல்ல.

இக்காலத்தின் நடுவே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் வந்தது. துரைமார் றைபிள் படை 1949இற் கலைக்கப்பட்டது. ஓர் ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் இணைத்துப் பாருங்கள். வெளிநாட்டிற் பிறந்தும் ஆயுதம் தாங்க நம்பப்பட்டவர்கள் கௌரவமாக விடைபெற்றனர். இந்நாட்டிற் பிறந்தும் வாக்குச்சீட்டுத் தாங்கக்கூட நம்பப்படாதவர்களாக நம்மவர் ஆக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் என்ற நிலைக்கு முடிவு காணப்பட்டது. ஆனால் நம்பிக்கை வர்த்தமானியில் அச்சிட்டு வருவதன்று.

கிளீவ்லாந்தில் ஒரு சிறுவன்

சந்தேகிக்கப்படும் சமுதாயத்தின் பிள்ளை கையில் விளையாட்டுத் துப்பாக்கி இருந்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. 2014 நவம்பர் 22ஆம் திகதி, கிளீவ்லாந்து நகரத்துப் பூங்கா ஒன்றில் தமீர் றைஸ் என்னும் பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் எயார்சொப்ட் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டுப் பொருள் என்று காட்டும் செம்மஞ்சள் முனை அதில் இருக்கவில்லை. பொலிஸுக்குத் தொலைபேசியிற் சொன்னவர் அது போலியாக இருக்கலாம் என்றும் சொன்னார். அச்சொல் வந்த பொலிஸாருக்குத் தெரிவிக்கப்படவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டு வினாடிகளுக்குள் சிறுவன் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான். சுட்டவர் மீது குற்றம் சாட்டத் தேவையில்லை என்று 2015 டிசம்பரில் விசாரணை நடுவர் குழு முடிவு செய்தது. அந்த ஒஹாயோ மாநிலத்திலேயே வயது வந்தவர் உண்மைத் துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்கிச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நம்பப்படுகிறவன் கையில் உண்மைத் துப்பாக்கியும் உரிமை. நம்பப்படாதவன் கையில் பொம்மையும் மரணம்.

நமது நாட்டு அனுபவம் இதற்குத் தூரமானதன்று. 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், வழக்கின்றிப் பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்துவைக்க அதிகாரம் கொடுத்தது. 2022இலேயே அது பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. பொலிஸ் உதவி அத்தியட்சகரிடம் அளித்த வாக்குமூலமே சாட்சியமாகும். அது நிர்ப்பந்தத்தால் பெறப்பட்டது என்று நிறுவும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையில். இச்சட்டத்தின் கீழ் மலைநாட்டு இளைஞரும் சிறைகளில் வாடினர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் முஸ்லிம் வீடுகளிலிருந்த கத்திகளும் சந்தேகப் பொருள்களாயின. இந்நிலையில், போர்வீரர் உடையில் நான்கு தமிழ் இளைஞர் போலித் துப்பாக்கியோடு ஒரு ஞாயிறு காலை மவுசாகலைக் காட்டோரம் நின்றால், அவர்களுக்கு முதலில் வைக்கோலட்டைப் பரிசோதனை நடக்குமா, வேறு பரிசோதனை நடக்குமா? வாசகர்களே விடை சொல்லட்டும்.

இருபத்தாறு ஆண்டு யுத்தத்தை அனுபவித்த நாடு எச்சரிக்கையாக இருப்பதில் என்ன பிழை என்று சிலர் கேட்பர். பிழை ஒன்றும் இல்லை. 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் தென்னிலங்கைக் கிராமங்களும் துப்பாக்கியினால் இரத்தம் சிந்தின. போலித் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடிப்பவனும் உண்டு. இருட்டில் அது போலியா உண்மையா என்று அறியப் பொலிஸ்காரனுக்கும் வழியில்லை. ஆகவே இவ்விளையாட்டை அரசு முற்றாகத் தடுத்தாலும் நான் எதிர்க்கமாட்டேன். தடை கொழும்பிலுள்ள செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கும் ஹற்றனிலுள்ள தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்கட்டும். அனுமதியும் ஒன்றாக இருக்கட்டும். எச்சரிக்கை கருவியைப் பற்றியதாக இருந்தால் அது சட்டம். கருவியைப் பிடித்தவனின் பெயரைப் பற்றியதாக இருந்தால் அது பாரபட்சம்.

காணியும் மைதானமும்

விவசாய வாசகர்கள் இதில் நமக்கென்ன என்று எண்ணற்க. குரங்கும் பன்றியும் முள்ளம்பன்றியும் செய்யும் அழிவை அவர்களே நன்கறிவர். பயிரழிக்கும் விலங்குகளை எண்ணுவதற்கென்று 2025 மார்ச் 15ஆம் திகதி காலை நாடு முழுவதும் ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டது. விலங்குகளை விரட்டக் காற்றுத் துப்பாக்கி வழங்குவது பற்றியும் அண்மை ஆண்டுகளிற் பேசப்பட்டது. ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதி கேட்பவன் தன் காணியை ஆதாரமாகக் காட்டுகிறான். லயத்தின் பின்புறத்தில் லீக்ஸும் கரட்டும் பயிரிடும் தோட்டத் தொழிலாளி எந்த உறுதியைக் காட்டுவான்? அவன் கொத்திய மண்ணும் கம்பெனியின் மண். அவன் படுக்கும் அறையும் கம்பெனியின் அறை. பன்றி மட்டும் அவனுடையது. துப்பாக்கிப் பிரச்சினை என்று தொடங்குவது இவ்வாறு காணிப் பிரச்சினையில் வந்து முடிகிறது.

விளையாட்டும் அப்படியே. எந்த ஆட்டத்துக்கும் முதலில் வேண்டியது இடம். மலைநாட்டிற் சமதரை அரிது. கிடைத்த சமதரைகளில் துரைமார் தமக்கு மைதானம் வெட்டிக்கொண்டனர். டிக்கோயாவில் டரவளையும் நானுஓயாவுக்கு அண்மையில் ரதல்லையும் அழகிய மைதானங்கள். நுவரெலியாவில் குதிரைப் பந்தயத்துக்கும் கோல்ஃபுக்கும் பரந்த நிலம் ஒதுக்கப்பட்டது. அம்மண்ணை வெட்டிச் சமமாக்கிய கைகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் தோட்ட வீதியின் வளைவிலே கிரிக்கெட் ஆடுகின்றனர். பந்து பள்ளத்திற் போனால் ஆட்டம் முடிந்தது. நமக்கு விளையாட்டு மரபு இல்லாமலில்லை. தமிழகத்திலிருந்து வந்தபோது நம் முன்னோர் கொண்டுவந்த சிலம்பம் இன்றும் மலையிற் பயிலப்படுகிறது. அதுவும் போலிப் போரே. அதிலும் அடி பட்டவன் ஒப்புக்கொள்வதே மரியாதை. ஆடுவதற்கு இடமும் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் பிள்ளைகள் தமக்கு வேண்டிய விளையாட்டைத் தாமே தேர்ந்துகொள்வர்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, காற்றுத் துப்பாக்கி, போலித் துப்பாக்கி ஆகியவை பற்றி 1916ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பியிராமல், வலுவை யூல் கணக்கிற் கூறும் தெளிவான விதிகளை அரசு செய்தல் வேண்டும். அவை தமிழிலும் பொலிஸ் நிலையங்களிலும் மாவட்டச் செயலகங்களிலும் கிடைத்தல் வேண்டும். இரண்டாவது, தோட்டப் பிரிவு தோறும் ஒரு மைதானம் என்பதைத் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு சேர்த்துப் பேசுதல் வேண்டும். மூன்றாவது, லயத்தைச் சூழ்ந்த பயிர்நிலத்துக்கும் வீட்டுக்கும் தொழிலாளியின் பெயரில் உறுதி வழங்கப்படல் வேண்டும். நான்காவது, விசாரணையின்றி மனிதரை அடைத்துவைக்கும் சட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் நமது பிரதிநிதிகள் அதை எதிர்த்து வாக்களித்தல் வேண்டும்.

இளைஞர்களுக்கும் சில வார்த்தை. துப்பாக்கி வடிவான எதையும் வீதியிலோ பஸ்ஸிலோ வெளியே தெரியக் கொண்டுசெல்லாதீர்கள். தீபாவளிக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கியின் வண்ண முனையைக் கறுப்பாக்காதீர்கள். அந்த வண்ணம் உங்கள் உயிர்க்காப்பு. தம்பிமார் கையில் அதைக் கொடுக்குமுன் கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். வில்லை வலுவாக்கிப் பார்க்கும் ஆவல் எழுந்தால், அந்த ஆவலைத் துப்பாக்கியிடம் செலவிடாதீர்கள். பற்சக்கரத்தையும் மோட்டாரையும் பிரித்துப் பொருத்தத் தெரிந்த கைக்குத் தொழிற்பயிற்சி நிலையத்திலும் தொழிற்சாலையிலும் இடம் உண்டு. பொலிஸ் உங்களைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், சட்டத்தரணியைக் கேளுங்கள், புரியாத மொழியில் எழுதிய தாளிற் கையொப்பமிடாதீர்கள்.

எயார்சொப்ட் ஆட்டத்திற் பட்டவன் தானே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவ்வொப்புதல் இல்லையேல் ஆட்டமே இல்லை. ஆட்சிக்கும் அவ்விதி பொருந்தும். இம்மலையில் நம்பிக்கை ஒருதலையாகவே பங்கிடப்பட்டது என்பதை ஆள்வோர் கையுயர்த்தி ஒப்புக்கொள்ளட்டும். இரு நூறு ஆண்டுகளாக இம்மண்ணைக் கொத்தி, இந்நாட்டின் பெயரை உலகச் சந்தையில் நிறுத்தியவர்கள் துப்பாக்கி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கள் பிள்ளைகள் அச்சமின்றி விளையாட ஒரு துண்டு நிலத்தையும், அந்நிலத்தில் தங்களையும் பிறரையும் ஒரே கோலால் அளக்கும் சட்டத்தையுமே கேட்கின்றனர். அதைக் கொடுக்கும் வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.